தபால் கூலியும் சிறு தொழிலும்

1854-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதி தொட்டு, கால் தோலாக் கடிதம் ஒன்று அரையணாவில் இத்தேசத்தின் எம்மூலைக்கும் சென்றது. அன்னிய சர்க்கார் தன் சௌகரியத்திற்காகச் செய்த ஏற்பாடே அது. ஆயினும், ஏழைக்கும் தூரம் ஒரு தடையன்று என்ற நல்ல தத்துவம் அதில் அடங்கியிருந்தது.

அத்தத்துவம் இன்று 50 கிராமோடு நின்றுவிடுகிறது. 2025 அக்டோபர் 1-ந் தேதி அமலுக்கு வந்த ஸ்பீட் போஸ்ட் விகிதப்படி, 50 கிராம் வரையுள்ள தஸ்தாவேஜுக்கு, வெளியூர் எதுவாயினும் கூலி 47 ரூபாய். 51 கிராம் ஆகிவிட்டாலோ, 200 கிலோமீட்டருக்குள் 59 ரூபாய். 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் 77 ரூபாய். 250 கிராமைத் தாண்டினால் அதே தூரத்திற்கு 93 ரூபாய். இவற்றின்மேல் நூற்றுக்கு 18 வீதம் வரி வேறு. ஒரு கிராம் மிகுதியால் படி ஒன்று ஏறுகிறது என்பதைச் சிறு வியாபாரி மறக்கலாகாது.

பண்டம் அனுப்புவோர்க்கு மற்றொரு கணக்கும் உண்டு. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டராயுள்ள பெட்டியில் ஒரு கிலோ எடையுள்ள பனையோலைக் கூடைகளை வைத்து அனுப்புவதாகக் கொள்வோம். மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது கூரியர் கம்பெனிகளின் வழக்கம். ஒரு கிலோ சரக்கு 5.4 கிலோவுக்குக் கூலி கொடுக்கிறது! கூடைகளை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கி உயரத்தை 20 சென்டிமீட்டராகக் குறைத்தால், கணக்கு 3.6 கிலோவாகும். தராசோடு அளவுகோலும் கடையில் இருக்கட்டும்.

ஆனால் சிக்கனத்தால் மட்டும் தீரும் குறையன்று இது. மொத்தமாய் அனுப்பும் பெரிய வியாபாரி சலுகை பெறுகிறான். மாதத்திற்குப் பத்துப் பொட்டலம் அனுப்புகிறவன் முழுக்கூலி தருகிறான். சிறு பதிப்பாளர்க்குத் துணையாயிருந்த பதிவுப் புஸ்தகத் தபால் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. புஸ்தகத்தின் விலையை விடத் தபால் கூலி பெரிதாகுமானால், கிராமத்து வாசகன் யாது செய்வான்?

சுதேசிப் பண்டங்களை வாங்குங்கள் என்று ஜனங்களிடம் சொல்வது சுலபம். அவை வாங்குவோர் வீடு சேர வழி செய்வது சர்க்காரின் கடமையல்லவா? புஸ்தகங்களுக்கும் கைத்தொழிற் பொருள்களுக்கும் தூரக்கணக்கற்ற சலுகை விகிதம் ஒன்று வேண்டும். தபால் இலாகா ஜனங்களின் சொத்து. லாபநஷ்டக் கணக்கு ஒன்றையே அது பார்க்கலாகாது. நமது பார்லிமெண்டுப் பிரதிநிதிகள் இவ்விஷயத்தில் வாய் திறப்பார்களாக.