214 கோடி... அதுக்கு மேல ஏறாது!

கணக்கு வாத்தியார் போர்டு முழுக்க எழுதி முடித்ததும், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வருமே... 'இதெல்லாம் எதுக்கு சார் யூஸ் ஆகும்?' அது உங்க குரல்தானா? அப்படின்னா இவரை நீங்க சந்திச்சே ஆகணும் பாஸ்!

பெயர்: 2147483647. அதாவது, 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. முப்பத்தோரு 2-களைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது இவர்தான். ஐயா ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் வகுபட மாட்டார்.

இதை 1772-ல் நிரூபித்தவர் ஆய்லர். அப்போது அவருக்குக் கண்பார்வை அநேகமாகப் போயே போய்விட்டது! சாதாரண வழியில் போனால், 46,340 வரை உள்ள சுமார் 4,800 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கணும். ஆய்லர் யோசித்தார். 'இதை வகுக்கிற பகா எண் ஒன்று இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வரும்' என்று கண்டுபிடித்தார். அவ்வளவுதான், 4,800 என்பது எண்பது சொச்சமாகச் சுருங்கிவிட்டது. அதில் ஒன்றுகூட வகுக்கவில்லை. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு உலகத்துக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் இதுதான்!

இந்த நம்பரை வைத்து 19 இலக்கத்தில் ஒரு நிறைவெண் கிடைக்கும். (1+2+3=6 மாதிரி, தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகையே தானாக இருக்கும் எண்.) 1811-ல் பீட்டர் பார்லோ என்ற இங்கிலாந்துக்காரர், 'இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் தேடமாட்டாங்க. வேடிக்கைதான், பிரயோஜனம் கிடையாது' என்கிற ரீதியில் எழுதிவைத்தார். அட, நம்ம கடைசி பெஞ்ச் குரல்!

பாவம் பார்லோ. கம்ப்யூட்டர் வந்தது. 32 பிட்டில் ஒன்று ப்ளஸ்ஸா மைனஸா என்று சொல்லப் போய்விட, மிச்சம் 31. எல்லாவற்றிலும் 1 போட்டால்? அதே 2147483647! அதோடு இன்னொரு ஒன்றைக் கூட்டினால், தடாலென்று மைனஸ் 2147483648-க்குப் பல்டி அடிக்கும். 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாட்டு இந்த எல்லையைத் தாண்டியபோது, யூட்யூப் தன் கவுன்ட்டரை 64 பிட்டுக்கு மாற்றியிருந்தது.

அடுத்த கண்டம் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. நம்ம நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. 1970-லிருந்து விநாடிகளை 32 பிட்டில் எண்ணிக்கொண்டிருக்கும் கடிகாரங்களெல்லாம் அந்த நொடியில் நிரம்பும். மாற்றாமல் விட்ட மெஷின், 1901 டிசம்பருக்குத் திரும்பிப் போகும்! அன்றைக்கு ஆபீஸில் அந்தப் பழைய புரோகிராமைச் சரிபார்க்கும் பொறுப்பு யாருக்கு? அநேகமா உங்களுக்குத்தான்.

நம்பிக்கை இல்லையா? லேப்பில் ஜாவாவைத் திறங்க. 'இன்ட்'-டில் இந்த நம்பரைப் போட்டு ஒன்று கூட்டிப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க, எதுக்கு யூஸ்னு!