காஞ்சிக்காரர், கொரிய மலையில்

கொரியாவின் கயாசான் மலைப் பூங்காவுக்குப் போறவங்க அப்படியே ஹேயின்சா புத்தர் கோயிலுக்கும் போவாங்க. அங்கே 13ஆம் நூற்றாண்டில் சீன எழுத்தில் செதுக்கிய பௌத்த நூல்கள், 80,000க்கும் மேற்பட்ட மரப்பலகைகளில் இருக்கின்றன.

அதில் ஒன்று நம்ம பக்கத்து விஷயம். உத்திரமேரூரில் பஸ் ஏறினால் காஞ்சிபுரம். தர்மபாலர் பிறந்த ஊர். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி ஓடிப்போய்த் துறவியானவர் என்று எழுதுகிறார் யுவான் சுவாங் (அரசர் மகளாம் பெண்!). நாலந்தாவில் தர்மபாலரின் மாணவர் சீலபத்திரரிடம் படித்தவர் இவர். தர்மபாலர் உரையை முதன்மையாக வைத்து 659இல் சீனத்தில் 'செங் வெய்ஷி லுன்' நூலை ஆக்கினார். உரையின் சமஸ்கிருத மூலம் தொலைந்துவிட்டது. சீன நூல் ஹேயின்சா பலகைகளில் இருக்கிறது.

காஞ்சியில் மிஞ்சியவை சில புத்தர் சிலைகள். காமாட்சியம்மன் கோயிலில் கிடைத்த பெரிய சிலையைப் பார்க்க, எழும்பூர் மியூசியம் போகணும்.