தாய்வீடு வரும் சுறா

ஐதராபாத்திற்குக் கடல் இல்லை. எனினும், கடல் தந்த உப்பு நம் வீட்டு அடுக்களைகளில் உள்ளது. இந்தியாவில் விளையும் உப்பில் பெரும்பகுதி குஜராத் மாநிலத்தது. அங்கு மிதாப்பூரில் உப்பும் சோடாச் சாம்பலும் உற்பத்தி செய்யும் டாடா கெமிக்கல்ஸ் நிறுவனம், 2004ஆம் ஆண்டு முதல் ஒரு மீனைக் காக்கும் பணிக்குத் துணைநின்று வருகிறது. கடல்நீரால் வாழும் நிறுவனம் கடலுக்குக் கடன்பட்டது என்றே கூறலாம்.

அம்மீன் திமிங்கலச் சுறா. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. மீன்களிலெல்லாம் பெரியதாகிய இது, நீரை வடிகட்டி நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் உண்ணும், மனிதரைத் தாக்காது. சௌராட்டிரக் கரை மீனவர் முன்னாளில் இதன் ஈரல் எண்ணெயை மரப்படகுகளுக்குப் பூசினர். பின்னர் இறைச்சி அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகவே, வேட்டை பெருகியது. கொக்கி மாட்டிய கயிற்றில் பீப்பாய்களைக் கட்டிவிடுவர். மீன் ஆழத்திற்குச் செல்ல இயலாமல் சோர்ந்து மிதக்கும். அதனால் அங்கு இம்மீனுக்குப் ‘பீப்பாய்’ என்றே பெயர் வழங்கியது. மைக் பாண்டே 2000ஆம் ஆண்டில் எடுத்த ஆவணப்படம் இக்கொடுமையை உலகறியச் செய்தது. மறு ஆண்டே நடுவண் அரசு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இதனைச் சேர்த்தது.

சட்டம் வந்தது, செய்தி கரையை எட்டவில்லை. தாம் பிடிப்பது தடைசெய்யப்பட்ட மீன் என்பதே மீனவர் பலருக்குத் தெரியாது. இந்நிலையில் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, குஜராத் வனத்துறை, டாடா கெமிக்கல்ஸ் ஆகிய மூன்றும் இணைந்தன. இராமகாதை சொல்வதில் புகழ்பெற்ற மொராரி பாபு அவர்களுடன் சேர்ந்தார். பேறுகாலத்தில் தாய்வீடு வரும் மகளைப் போன்றது இம்மீன் என்று அவர் மக்களுக்கு எடுத்துரைத்தார். ‘வாலி’ என்னும் புதுப்பெயரும் மீனுக்கு அமைந்தது. குஜராத்தி மொழியில் அதற்கு ‘அன்புக்குரியவள்’ என்பது பொருள். இராமகாதையில் வரும் வாலிக்கும் இதற்கும் தொடர்பில்லை! திமிங்கலச் சுறா எக்கடலில் குட்டி ஈனுகிறது என்பதை அறிவியலார் இன்னும் முழுமையாக அறிந்திலர். ஆயினும், சட்டம் புகாத இடத்தில் அவ்வுவமை புகுந்தது. ஊர்தோறும் தெருநாடகங்கள் நடந்தன.

உவமை மட்டும் வயிற்றை நிரப்பாது. சிக்கிய சுறாவை விடுவிக்க வலையை அறுத்தாக வேண்டும். வலை அறுந்தால் மீனவரின் பிழைப்பே தடைப்படும். ஆகவே, அறுந்த வலைக்கு ரூ.25,000 வரை வனத்துறை இழப்பீடு வழங்கத் தொடங்கியது. முதலில், வனத்துறையினர் நடுக்கடலுக்கு வந்து பார்க்கும்வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் மீன் தளர்ந்துவிடும். பின்னர் மீனவரிடமே நிழற்படக் கருவிகள் அளிக்கப்பட்டன. அவர்களே வலையை அறுத்து, மீன் நீந்திச் செல்வதைப் படமெடுத்தனர், அப்படமே சான்றாயிற்று. மீனவர் சொல்லை நம்பியதே இத்திட்டத்தின் சிறந்த கூறு என்பது என் கருத்து. இவ்வாறு விடுவிக்கப்பட்டவை 900க்கும் மேல்.

இருபது ஆண்டுகளாகியும் பணி ஏன் முடியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். மீன்பிடி பருவம் தொடங்குந்தோறும் படகுகளுக்குப் புதிய இளைஞர்கள் வேலைக்கு வருகின்றனர். அவர்களுக்கு வாலியின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியுள்ளது.