கதவு எண்ணா, வண்டி எண்ணா?

'கேரவன்' என்றால் நம் தமிழ்நாட்டில் என்ன அர்த்தம்? ஷாட் ரெடியாகும் வரை கதாநாயகி ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கும் வண்டி. தயாரிப்பாளர் வயிற்றெரிச்சலோடு வாடகை கட்டும் வண்டி. அதிலேயே ஒருத்தர் குடித்தனம் நடத்தப் போகிறார் என்று சொல்லிப் பாருங்கள். 'ஐயோ பாவம், வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டாரா?' என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் நாகலூரில் அப்படி ஒருத்தர் கிளம்பிவிட்டார். காப்பி எஸ்டேட்டில் முப்பது வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ரிடையர்டு டீச்சர். பையன் பெங்களூரில். "இத்தனை வருஷமா சில்வர் ஓக் மரத்தையும் மிளகுக் கொடியையுமே பார்த்தாச்சு தம்பி... இனிமே காஷ்மீர் வரைக்கும் பார்க்கணும்" என்றார். திட்டம் இதுதான். வீட்டை விற்பது. பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்குவது. சீட்டையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுக் கட்டில், அடுப்பு, கக்கூஸ் வைத்துக் காலம் பூரா ஊர் சுற்றுவது. வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க ஒரு பார்ட்டி தயார். சேலத்தில் டிங்கரிங் பட்டறைக்காரர், 'இருபதே நாள் சார்!' என்று சொல்லியாச்சு. பாக்கி இன்ஷூரன்ஸ் மட்டும்தானாம்.

"நீங்க பி.காம். ஆச்சே... பிரீமியம் எவ்வளவு ஆகும்னு மட்டும் பார்த்துச் சொல்லிடுங்க."

மலைமேல் பி.காம். படித்தவனுக்கு இதுதான் மரியாதை. பென்ஷன் பாரத்திலிருந்து கல்யாண மொய்க் கணக்கு வரை நம்ம தலையில்தான். சரி, பிரீமியம்தானே என்று உட்கார்ந்தால், அது ஒரு நூல்கண்டு. நுனியைப் பிடித்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

முதல் விஷயம், இன்ஷூரன்ஸ்காரர் உங்கள் வண்டியைப் பார்த்து பாலிசி போடுவதில்லை, ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துப் போடுகிறார். ஆர்.சி.யில் 'பன்னிரண்டு பேர் உட்காரும் வாடகை வேன்' என்று இருந்தால் பாலிசியும் அதற்குத்தான். உள்ளே நீங்கள் கட்டில் போட்டு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தொங்கவிட்டு, சுவாமி படம் மாட்டியிருப்பது பாலிசிக்குத் தெரியாது. நாளைக்கு வண்டி கவிழ்ந்து, சர்வேயர் வந்து கதவைத் திறக்கும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன லாபம்? 'நாங்கள் இன்ஷூர் செய்தது வேன், இது வீடு' என்று ஒரு கடுதாசி வரும்.

ஆகவே ஆர்.சி.யை மாற்ற வேண்டும். அங்கேதான் மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52 கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. கம்பெனி ஆதியில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், இதை அழுத்தந்திருத்தமாகச் சொல்லிவிட்டது. பெயிண்ட் மாற்றலாம், சின்னச் சின்ன சாமான் பொருத்தலாம். பாடியிலும் சேஸிஸிலும் கை வைத்தால் வம்பு. அனுமதிக்கப்பட்ட மாற்றமாகவே இருந்தாலும் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வண்டிமேல் ஃபைனான்ஸ் இருந்தால் அவர்களுடைய எழுத்துபூர்வ சம்மதமும் வேண்டும்.

"மீறினா?" என்றார் அண்ணன்.

2019-இல் வந்த திருத்தச் சட்டப்படி ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒரு மாற்றத்துக்கு' என்பதைக் கவனியுங்கள். டீச்சரம்மா விரல்விட ஆரம்பித்தார். "சீட்டு எடுத்தது ஒண்ணு, கூரையைத் தூக்கினது ஒண்ணு, ஜன்னல் வெட்டினது ஒண்ணு, தண்ணித் தொட்டி ஒண்ணு... ஏங்க, இதுக்கு ஊட்டியில லாட்ஜ் ரூமே எடுத்துடலாமே!"

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் 2021 ஆகஸ்ட்டில் கண்ணூரில் நடந்ததைக் கேட்க வேண்டும். 'ஈ புல் ஜெட்' என்ற பெயரில் யூ டியூபில் பயணப் படம் போட்டு லட்சக்கணக்கில் ரசிகர்களைச் சேர்த்த கேரளத்து சகோதரர்கள். ஒரு டிராவலரை வீடாக்கி அதற்கு 'நெப்போலியன்' என்று பெயரும் வைத்திருந்தார்கள். சட்டத்துக்கு மாறாக வண்டியை மாற்றியது, வரி பாக்கி என்று அதிகாரிகள் நெப்போலியனைக் கைப்பற்றிவிட்டார்கள். விதித்த தொகை 42,000 ரூபாய்க்கு மேல். தம்பிமார்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கே போய் ரகளையாகி, கைதும் ஆனார்கள். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் கொதித்தால் ஆர்.சி. கிடைக்குமா? ஆறு மாதத்துக்கு அதையும் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். வாட்டர்லூ என்றே பெயர் வைத்திருக்கலாம்.

அப்படியானால் வழியே கிடையாதா? உண்டு. நம்புங்கள், நம் சர்க்கார் 2004-லேயே இப்படி ஒரு ஜாதி வண்டி உண்டு என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த வருஷத்து மத்திய அரசு அறிவிக்கையில், 'சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன்' என்பது டிரான்ஸ்போர்ட் அல்லாத வண்டிகளின் பட்டியலில் இருக்கிறது. அதாவது மஞ்சள் போர்டு வேண்டாம், வெள்ளை போர்டு போதும். மோட்டார் கேரவன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனி விதிமுறையே உண்டு. அதன்படி சோதித்துச் சான்று பெற்ற டிசைனில் வண்டி கட்டும் பாடி பில்டரிடம் போக வேண்டும். புது சேஸிஸ் வாங்கி பாடி கட்டினால் படிவம் 22-ஏ; அதில் ஒரு பாதியை சேஸிஸ் கம்பெனியும் மறு பாதியை பாடி பில்டரும் நிரப்பிக் கையெழுத்துப் போடுவார்கள். இந்தக் காகிதத்தோடு போனால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மரியாதையாக நடத்துவார்கள். 'இருபதே நாள் சார்' பட்டறைக்காரர் என்ன சான்று தருவார்? ஜி.எஸ்.டி. பில் கேட்டாலே முகம் கோணுகிற ஆசாமி அவர்.

அண்ணன் விலை பேசிய பழைய வண்டியோ மஞ்சள் போர்டு. பெர்மிட்டை ஒப்படைத்து, வரி பாக்கி தீர்த்து, சொந்த உபயோக வண்டியாக மாற்றுவதே தனிப் படலம். அதற்கப்புறம்தான் கேம்பர் படலம்.

இனி நான் ரொம்ப ரசித்த சிக்கலுக்கு வருகிறேன். விலாசம்! வண்டியைப் பதிவு செய்ய சொந்தக்காரருக்கு மாநிலத்தில் ஒரு வசிப்பிடமோ தொழில் இடமோ வேண்டும். வீடு மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வெளிமாநிலத்தில் வண்டி 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு மனுஷன் என்றால் கதவு எண் உள்ளவன். வண்டி அவன் வாசலில் நிற்பது. வீடே வண்டியாகிவிட்டால்? வண்டிக்கு விலாசம் வீடு. வீட்டுக்கு விலாசம் வண்டி! ஆதார், பென்ஷன், ஓட்டு, பாங்க், பாலிசி எல்லாமே அந்தக் கதவு எண்ணில் தொங்குகின்றன.

"அந்த 'பி.எச்.' நம்பர் வாங்கிட்டா இந்தியா பூரா போகலாமாமே?" என்றார் அண்ணன். 2021 செப்டம்பரில் வந்த அந்த வரிசை, அரசு, பொதுத்துறை ஊழியர்களுக்கும், நாலு மாநிலங்களிலாவது ஆபீஸ் வைத்திருக்கும் தனியார் கம்பெனிக்காரர்களுக்கும்தான். மாற்றலாகி ஊர் ஊராகப் போகிறவனுக்கு உண்டு. ஆசைப்பட்டுப் போகிறவனுக்குக் கிடையாது. அமெரிக்காவில் தென் டகோட்டா என்றொரு மாநிலம் இருக்கிறது. வண்டியிலேயே வாழ்கிறவர்கள் அங்கே ஒரு ராத்திரி தங்கிய ரசீதையும், தபாலை வாங்கி அனுப்பும் ஒரு முகவரியையும் காட்டினால் டிரைவிங் லைசென்ஸே கொடுக்கிறார்கள். நம்ம ஊரில் தலைமுறை தலைமுறையாக ஊர் ஊராய்ப் போன பூம்பூம் மாட்டுக்காரரும் நரிக்குறவரும் ஒரு ரேஷன் கார்டுக்கும் ஜாதிச் சான்றுக்கும் எத்தனை படி ஏறி இறங்கினார்கள்! நரிக்குறவர் பழங்குடிப் பட்டியலில் சேர 2023 ஜனவரி வரை காத்திருந்தார்கள். பென்ஷனோடு நாடோடியாகிற நம் அண்ணனுக்காவது கணக்குப் பார்க்க ஒரு பி.காம். இருக்கிறான்.

சரி, ஆர்.சி. ஒழுங்காகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாலிசிக்கு வருவோம். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000 ரூபாய், ஜெயிலும் உண்டு. அது நீங்கள் அடுத்தவருக்கு இழைக்கும் சேதத்துக்கு. உங்கள் 'வீடு' நொறுங்கினால் அதில் தம்படி வராது. அதற்குத்தான் முழு பாலிசி. அதிலும் ஐ.டி.வி. என்கிற மதிப்பைக் கவனிக்க வேண்டும். வேன் 8 லட்சம், உள்வேலை 7 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலிசியில் 8 லட்சம்தான் இருந்தால் அந்த 7 லட்சம் ஊருக்கு உழைத்தது! ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு மதிப்பு, கம்பெனியும் நாமும் பேசி முடிவு செய்வது. ஆகவே உள்வேலை பில்களைக் கொடுத்து, எலெக்ட்ரிக் சாமான்களைத் தனியாக எழுதிக் காட்டி, அதற்குண்டான அதிகப் பிரீமியத்தையும் கட்டிவிடுவது உத்தமம். மெத்தை, மிக்ஸி, டீச்சரம்மாவின் பட்டுப்புடவை ஆகியவை வண்டி பாலிசியில் வராது.

இதையெல்லாம் மறைத்து பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கச் சொல்லும் ஏஜெண்டுகள் உண்டு. கிட்டவே சேர்க்காதீர்கள். விபத்தில் மூன்றாம் நபருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அதை வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளச் சொன்ன தீர்ப்புகள் ஏராளம். வீட்டை விற்ற பணத்தில் வாங்கிய வண்டி நொறுங்கிக் கிடக்கும்போது அந்த நோட்டீஸும் வந்தால்? ரிடையர்டு தம்பதி எங்கே போவார்கள்?

டிரைவிங் லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் கவலையில்லை. 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்கு சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று சுப்ரீம் கோர்ட் ஐந்து நீதிபதிகள் பெஞ்ச் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது.

எடை என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இருநூறு லிட்டர் தொட்டி என்றால் மூணு ஆளை நிற்க வைத்து ஏற்றிய மாதிரி, அதுவும் வளைவில் தளும்புகிற ஆட்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவு. கட்டில், பாட்டரி, கூரைமேல் சோலார் தகடு எல்லாம் ஒரு பக்கமாகக் கனத்து, இறக்கத்தில் பிரேக் சூடேறினால்... வேண்டாம், மங்களமாகப் பேசுவோம். ஏ.ஐ.எஸ். விதிமுறையெல்லாம் சும்மா நம்மைச் சுற்றலில் விட எழுதியதல்ல என்பதற்காகச் சொன்னேன்.

அடுப்பும் அப்படித்தான். 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி அதிகாலை, மதுரை ரயில்வே யார்டில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து கோயில் பார்க்க வந்தவர்கள். திருட்டுத்தனமாக உள்ளே கொண்டுவந்த காஸ் சிலிண்டர். ஓடுகிற வீட்டில் அடுப்பு எரிவது எவ்வளவு பொல்லாதது என்று தெரிந்துகொள்ள வேறு பாடம் வேண்டியதில்லை. இதை நான் சொன்னபோது டீச்சரம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வண்டியில காஸ் வேண்டாம். கரண்ட் அடுப்புல காப்பி போட்டுக் குடிச்சா குறைஞ்சா போயிடுவோம்?" என்றார்.

"அப்போ நான் சமைக்கிற மீன் குழம்பு?"

"அது கடையில."

கடைசியில் முடிவெடுத்ததும் அவர்தான். வீடு விற்பனைக்கு இல்லை. முன்கட்டு வாடகைக்கு, வாடகைப் பணம் டீசலுக்கு. பின்கட்டில் ஒரு அறையும் கதவு எண்ணும் தபால் பெட்டியும் தங்களுக்கு. மழைக்காலத்தில் வந்து இருந்துகொள்வது. அட்வான்ஸ் பார்ட்டிக்கு வருத்தம் தெரிவித்தாயிற்று. மஞ்சள் போர்டு வண்டி வேண்டாமென்று விட்டு, சான்று பெற்ற பாடி பில்டர் இருவரிடம் கொட்டேஷன் கேட்டிருக்கிறார்கள். தொகையைப் பார்த்ததும் அண்ணன், "தம்பி, காஷ்மீர் கொஞ்சம் தள்ளிப் போகும் போலிருக்கே" என்றார்.

பட்டறைக்காரருக்குத்தான் என்மேல் கோபம். "இத்தனை வருஷமா எத்தனையோ வண்டி வெட்டி ஒட்டியிருக்கேன் சார்... பேப்பர் கேட்ட முதல் பார்ட்டி நீங்கதான்!"