கணினி வரைபடத்தில் காணாமற்போகும் பொருள்கள்

தோட்டத்தின் நிலப்படத்தைத் தாளில் வரைந்த காலத்தில், வரைந்த கோடு அத்தாளிலேயே நின்றது. தாள் கிழியலாம், மை மங்கலாம். ஆனால் லயமும் கோயிலும் படத்தை விட்டு விலகுவதில்லை. 1982-இல் ஆட்டோகேட் என்னும் மென்பொருள் வெளிவந்த பின்னர் நிலைமை படிப்படியாக மாறியது. இன்று நில அளவையாளர் அனுப்பும் படம் பெரும்பாலும் ஒரே தாளன்று. பல கோப்புகள் ஒன்றுகூடித் திரையில் தோற்றமளிக்கும் தொகுதியாகும். அவற்றுள் ஒன்று வந்து சேராவிடினும் படம் திறக்கும். ஆனால் குறையோடு திறக்கும்.

இது வரைவாளருக்கு மட்டும் உரிய தொல்லையன்று. செரம்பானை அடுத்த மம்பாவ் போன்ற தோட்டப்புறங்களில், ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் வீடமைப்புத் திட்டம் வருமானால், கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு ஆகியவற்றின் எல்லையைப் பற்றிய பேச்சு படத்தை வைத்தே நடைபெறும். கோயில் இருக்கவேண்டிய இடம் படத்தில் வெறுமையாகத் தெரிந்தால், அது வரையப்படவே இல்லையா, அல்லது வரைந்தது நம் கணினியில் தெரியவில்லையா? இவ்விரண்டையும் பிரித்தறிவதே முதல் வேலை.

அடுக்கும் இணைப்பும்

கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற்போல, சாலை ஓர் அடுக்கிலும், கட்டடம் மற்றோர் அடுக்கிலும், எழுத்து வேறோர் அடுக்கிலும் வரையப்படும். இவ்வடுக்குக்கு லேயர் என்று பெயர். ஒரு லேயரை அணைத்தாலோ உறையச் செய்தாலோ அதிலுள்ளவை திரையில் தோன்றா. கோப்பில் அழியாமலே இருக்கும். லேயர்ப் பட்டியலில் விளக்குக் குறியையும் பனிக் குறியையும் நோக்கினால் உண்மை விளங்கும். திரையில் தெரிவது அச்சில் மட்டும் விடுபட்டால், அது டெஃப்பாயிண்ட்ஸ் என்னும் லேயரில் இருக்கக்கூடும். அந்த லேயர் அச்சாவதேயில்லை.

அடிக்கடி நேரும் மற்றொரு காரணம் எக்ஸ்ரெஃப் எனப்படும் வெளிக்கோப்பு இணைப்பு. திருமண அழைப்பிதழில் மண்டபத்தின் முகவரி உண்டு, மண்டபம் இல்லை. அதுபோலவே முதன்மைப் படத்தில் அளவைக் கோப்பின் முகவரி மட்டுமே இருக்கும். அம்முகவரி அனுப்பியவருடைய கணினிக்கு உரியது. நம் கணினியில் அது கிடைக்காதபோது, படத்துக்குப் பதிலாகக் கோப்பின் பெயர் மட்டும் சிறு எழுத்தில் நிற்கும். விடுபட்ட கோப்பைக் கேட்டு வாங்கி, எக்ஸ்ரெஃப் பட்டியலில் புதிய இடத்தைக் காட்டினால் குறை தீரும்.

அளவும் எழுத்தும்

பழைய தோட்டப் படங்கள் சங்கிலி அளவில் வரையப்பட்டவை. ஒரு சங்கிலி 66 அடி, அதாவது ஏறத்தாழ 20.12 மீட்டர். அதை மாற்றாமல் மீட்டர்ப் படத்தில் சேர்த்தால், தோட்டம் முழுவதும் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கி ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். அளவையின் தொடக்கப்புள்ளி வேறானாலோ பல கிலோமீட்டருக்கு அப்பால் போய் நிற்கும். 'ஜூம் எக்ஸ்டென்ட்ஸ்' என்னும் கட்டளை படத்தின் எல்லா மூலைகளையும் ஒருங்கே காட்டி இதை வெளிப்படுத்தும்.

சிவில் த்ரீடி போன்ற தனி மென்பொருளில் வரைந்த சில உருக்கள் சாதாரண ஆட்டோகேட்டில் வெறும் பெட்டியாகத் தோன்றும். சிலவேளை தோன்றாமலும் போகும். அனுப்புவோரே அவற்றைச் சாதாரணக் கோடுகளாக மாற்றித் தருதல் வேண்டும். தமிழ்ப் பெயர்களுக்கும் இத்தகைய இடர் உண்டு. யூனிகோடுக்கு முற்பட்ட எழுத்துருவில் எழுதிய 'மாரியம்மன் கோயில்', அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் காட்சி தரும்.

இவையனைத்தையும் பார்த்த பின்னும் குறை நீங்கவில்லையெனில், கோப்பே பழுதுபட்டிருக்கலாம். 'ஆடிட்', 'ரெகவர்' என்னும் கட்டளைகள் பழுதைத் தேடித் திருத்த முயலும். அவற்றைக் கோப்பின் படியொன்றில் செய்து பார்ப்பதே நன்று.

வருமுன் காத்தல்

'ஈ-டிரான்ஸ்மிட்' என்னும் வசதி, இணைப்புக் கோப்புகளையும் எழுத்துருக்களையும் ஒரே கட்டாகத் திரட்டித் தரும். அக்கட்டுடன் ஒரு பிடிஎஃப் படியையும் கேட்டு வாங்குக. வரைந்தவர் தம் திரையில் கண்டதை அது காட்டும். நம் திரையோடு ஒப்பிட்டால் எது விடுபட்டது என்பது உடனே தெரியும். பிடிஎஃபிலும் கோயில் இல்லையென்றால், கேள்வியைக் கணினியிடமன்று, வரைந்தவரிடமே எழுப்புதல் வேண்டும்.

இதில் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. கோயிலை அறிந்தவர் வெறுமையைக் கண்டால் திடுக்கிட்டு விசாரிப்பார். அவ்விடத்தை ஒருநாளும் மிதித்தறியாத திட்ட வரைவாளரோ அதை வெற்று நிலம் என்றே கொண்டு, அதன்மேல் சாலையை வரைந்துவிடக்கூடும். ஆதலால் படத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு வரைவாளரோடு நின்றுவிடுவதில்லை. அந்த மண்ணில் வாழ்ந்தவரும் படத்தைப் பார்த்தாக வேண்டும்.