மாதனூர் டேனரிக்கு ஆரல்வாய்மொழி காத்து: காற்றாலையோட சோலாரை ஏன் சேர்க்கறாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

சென்னையிலிருந்து பெங்களூரு ஹைவேல போறவங்க ஆம்பூர்ல பிரியாணிக்கு நிறுத்துவீங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, பாலாறு ஓரமா மாதனூர் வரும். இங்கிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் தோல், ஷூ தொழில்தான் சோறு போடுது. இன்னைக்கு டாபிக் காற்றாலை. ‘இந்த ஏரியால ஒரு காத்தாடியும் காணோமே?’ன்னு கேப்பீங்க. ஆனா கரன்ட் பில் கட்டுறது இங்கதான், அதனால இங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

டேனரிக்கு ஏன் இவ்வளவு கரன்ட்?

தோல் பதனிடும்போது வர்ற கழிவுநீர்ல உப்பு அதிகம். பாலாறு கெட்டுப்போச்சுன்னு வேலூர் மக்கள் போட்ட வழக்குல, ஆகஸ்ட் 1996ல உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. சுத்திகரிப்பு வசதி இல்லாம டேனரி ஓட்ட முடியாதுன்னு ஆச்சு. பிறகு ‘ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்’, அதாவது ஒரு சொட்டு கழிவுநீர்கூட வெளியே விடக்கூடாதுங்கற விதியும் வந்தது. இதுக்காக பல டேனரிகள் சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையங்கள் நடத்துறாங்க. நம்ம வீட்டு ஆர்ஓ மாதிரியே அங்கயும் இருக்கு, சைஸ் மட்டும் ரொம்பப் பெருசு. உப்புத் தண்ணியை அழுத்தித் தள்ளற பம்ப்புகளுக்குக் கரன்ட் நிறைய வேணும். ஆறு சுத்தமா இருக்கறதுக்கு ஒரு மின்கட்டணம் இருக்கு. அது ஏறினா முதல்ல அடிவாங்கறது சின்ன டேனரி.

காத்து அங்க, பில் இங்க

காத்தோட வேகம் இரண்டு மடங்கானா அதுல இருக்கற சக்தி எட்டு மடங்காகும். அதனால காத்து கொஞ்சம் கம்மியான இடத்துலகூட காற்றாலை வச்சா கணக்கு இடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில இடைவெளி இருக்கற இடங்கள்ல, அதாவது ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு கணவாய்கள்ல, தென்மேற்குப் பருவக்காத்து புனல்ல ஊத்தின மாதிரி வேகம் எடுக்கும். முப்பந்தலும் கயத்தாறும் காத்தாடிக் காடானது இதனாலதான். தமிழ்நாட்டோட காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியாச்சு.

மாதனூர்லேர்ந்து ஆரல்வாய்மொழி 500 கிலோமீட்டருக்கு மேல. அங்க உற்பத்தியாகற அதே கரன்ட்டா இங்க வருது? இல்ல. அங்க ஒரு யூனிட் கிரிட்டுக்குள்ள போகும், இங்க ஒரு யூனிட் எடுப்பீங்க. நடுவுல ஈபி கம்பிக் கட்டணம், இழப்பெல்லாம் கழிச்சு கணக்கு பார்க்கும். இதுக்குப் பேர் வீலிங்.

தனியா காற்றாலை வைக்க முடியாதவங்களுக்கு ‘குரூப் கேப்டிவ்’னு ஒரு வழி இருக்கு. 2005 மின்சார விதிகள்படி, பயன்படுத்தறவங்க சேர்ந்து குறைஞ்சது 26% பங்கு வச்சிருக்கணும், உற்பத்தியில 51% அவங்களே எடுத்துக்கணும். அப்போ கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் கிடையாது, அதுலதான் லாபம். ஆனா ஏற்றுமதி ஆர்டர் குறைஞ்சு டேனரி பாதி நாள் ஓடலைன்னா, அந்த 51% கணக்கு ஆட்டம் காணும். சலுகையே போயிடலாம்.

பேங்க்கிங் சுருங்கினா என்ன ஆகும்?

நம்ம ஊர் காத்துக்கு சீசன் உண்டு. மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் பிச்சுக்கிட்டு அடிக்கும், அப்புறம் மந்தம். டேனரியோ வருஷம் பூரா ஓடும். இதைச் சமாளிக்கத்தான் ‘பேங்க்கிங்’. ஜூன்ல மிஞ்சின யூனிட்டை கிரிட்ல வரவு வச்சு, ஜனவரில எடுத்துக்கலாம். தமிழ்நாட்டுல ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கும்னு இந்தக் கணக்கு பல வருஷம் ஓடிச்சு. யோசிச்சா, ஈபிதான் எல்லாருக்கும் பேட்டரி மாதிரி இருந்திருக்கு. ஜூன்ல தேவைக்கு மேல வந்து குவியுது, மந்தமான மாசத்துல ஈபி வெளியே வாங்கிக் கொடுக்கணும். அந்தச் சுமை யார் தலையிலங்கறதுதான் பல வருஷச் சண்டை.

ஜூன் 2022ல மத்திய அரசு பசுமை மின்சார ஓப்பன் அக்சஸ் விதிகளைக் கொண்டுவந்தது. 1 மெகாவாட்னு இருந்த தகுதி வரம்பு 100 கிலோவாட்டா குறைஞ்சது. சின்ன ஆலைக்கு இது நல்ல சேதி. ஆனா அதே விதி பேங்க்கிங்குக்கு உறுதி தர்றது மாசக் கணக்குல மட்டும்தான். மாசத்துக்குள்ள தீர்க்கணும்னா ஜூன் யூனிட் ஜனவரிக்கு உதவாது. காத்தை மட்டும் நம்பற ப்ராஜெக்ட் இங்க திணறும்.

ஹைபிரிட் கணக்கு

காத்து மந்தமா இருக்கற பிப்ரவரி, மார்ச்ல வெயில் கொளுத்தும். பருவக்காத்து சீசன்ல பொழுது சாஞ்ச பிறகும் காத்தாடி சுத்தும். ரெண்டையும் சேர்த்தா மாசாமாசம் ஓரளவு சமமா கரன்ட் வரும். மத்திய அரசு 2018ல வெளியிட்ட காற்று–சூரிய ஹைபிரிட் கொள்கைப்படி, ஒண்ணோட திறன் இன்னொண்ணோட திறன்ல குறைஞ்சது 25% இருக்கணும். பேருக்கு நாலு பேனல் வச்சு ஹைபிரிட்னு சொல்ல முடியாது.

ஒரு உதாரணக் கணக்கு. 100 மெகாவாட் காற்றாலை, 30% பயன்பாட்டுல வருஷத்துக்கு சுமார் 26 கோடி யூனிட் தரும். அதுக்காகப் போட்ட 100 மெகாவாட் லைன் சராசரியா 70% காலியாத்தான் கிடக்கும். அதே லைன்ல 50 மெகாவாட் சோலாரை 20% பயன்பாட்டுல சேர்த்தா இன்னொரு 8.76 கோடி யூனிட். லைன் பயன்பாடு 40% பக்கம் போகும். ரெண்டும் ஒரே நேரத்துல உச்சத்துக்கு வந்தா கொஞ்சத்தை வெட்டித்தான் ஆகணும், அந்த நஷ்டத்தையும் கணக்குல சேர்க்கணும். ராஜஸ்தான் ஜெய்சல்மேர்ல 2022ல 390 மெகாவாட் ஹைபிரிட் ஆலை இந்த மாதிரிதான் ஓட ஆரம்பிச்சது.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல் உண்டு. காத்து நல்லா அடிக்கற முப்பந்தல் மாதிரி இடங்களை 225, 250 கிலோவாட் பழைய மெஷின்கள் பிடிச்சு வச்சிருக்கு. இன்னைக்கு ஒரே மெஷின் 2, 3 மெகாவாட். பழசை எடுத்துட்டுப் புதுசு வைக்கறதுக்குப் பேர் ரீபவரிங். ஆனா பெரிய றெக்கைக்கு இடைவெளி அதிகம் வேணும். பக்கத்து நிலம் வேற ஒருத்தருடையது, பங்கு பிரிக்கறதுலயே பாதிப் பேச்சுவார்த்தை நின்னுடும்.

கையெழுத்துக்கு முன்னாடி

உங்க வீட்லயோ தெரிஞ்சவங்ககிட்டயோ டேனரி, ஷூ யூனிட் இருந்து, யாராவது ‘யூனிட்டுக்கு இவ்வளவு மிச்சம்’னு ஸ்லைடு காட்டினா மூணு கேள்வி கேளுங்க. பேங்க்கிங் ஒரு மாசம்னு ஆனா இந்த மிச்சம் எவ்வளவு? எங்க உற்பத்தி குறைஞ்ச வருஷம் 51% கணக்கை யார் ஈடு கட்டுவாங்க? சீசன்ல கிரிட் ‘நிறுத்து’ன்னு சொன்னா அந்த நஷ்டம் யாருக்கு?

இன்னொரு விஷயம். ஆர்ஓல மிஞ்சற உப்புநீரைக் காய்ச்ச நீராவி வேணும். அது பாய்லர்லேர்ந்து வருது, காத்தாடி கரன்ட் அந்தச் செலவை நேரடியா தொடாது. அதனால கரன்ட் செலவையும் நீராவிச் செலவையும் தனித்தனியா எழுதிட்டு, அப்புறம் ஸ்லைடைப் பாருங்க.

உங்க யூனிட்ல இந்த ஒப்பந்தம் போட்டிருந்தா அனுபவத்தை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேட்டரி சேமிப்பு பத்திப் பேசலாம்.