செல்போனில் "பார்ட்னர்" தேடும் பில்டர்கள்! பணம் போடுமுன் உஷார்!!

சென்னை புறநகரில் ஒரு கிரவுண்டு மனை. 4 பிளாட் கட்ட வேண்டும். பாங்கி கைவிரித்து விட்டது. உடனே செல்போனில் விளம்பரம்: "10 லட்சம் போடுங்க, 2 வருஷத்துல 15 லட்சமா வாங்கிக்குங்க!" சிறு பில்டர்கள் சிலர் இப்படித்தான் ஆள் தேடுகிறார்கள்.

பதிவு இல்லை

"ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கே" என்று நினைக்கலாம். ஆனால், 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைக்கு 2016-ம் ஆண்டு சட்டப்படி பதிவு கட்டாயம் இல்லை. ஒரு கிரவுண்டு சுமார் 223 சதுர மீட்டர்தான்! பெரிய திட்டங்களில் வாங்குவோர் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட வேண்டும். இங்கே அந்தக் காவல் கிடையாது.

ஜெயில்

பில்டருக்கும் ஆபத்துதான். அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் டெபாசிட் கேட்டாலே, 2019-ம் ஆண்டு சட்டப்படி 1 முதல் 5 வருஷம் ஜெயில்! "பங்கு" என்று பெயரை மாற்றினால் மட்டும் தப்ப முடியாது.

என்ன செய்வது?

மூலப் பத்திரம், வில்லங்க சான்று, பிளான் அனுமதி மூன்றையும் பார்க்க வேண்டும். மனையில் பிரிபடாத பங்கை ரிஜிஸ்தர் செய்து வாங்கினால், கட்டிடம் பாதியில் நின்றாலும் மண்ணாவது மிஞ்சும். வெறும் புரோநோட்டு என்றால்... கோர்ட்டுக்கு நடக்க வேண்டியதுதான்!